எண்ணெய் மணலும் அறுகம்புல்லும்

ஆடி முடித்ததும் ஆடுகளத்தைப் பெருக்கிவிட்டுப் போகும் மனிதர்களை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கூலிக்குப் பெருக்குகிறவர்களைச் சொல்லவில்லை, ஆடியவர்களையே கேட்கிறேன். உங்களுக்கும் ஓர் ஊர் இருந்திருக்கும், அந்த ஊரில் ஒரு திடல் இருந்திருக்கும், வெயில் தாழ்வதற்கு முன்பே அந்தத் திடலில் தண்ணீர்க் குடத்தோடு வந்து நிற்கும் ஒரு கிறுக்கனும் இருந்திருப்பான். விருத்தாசலத்தில் அந்தக் கிறுக்கன் நான்தான்.

எங்கள் ஆட்டம் பூப்பந்து. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து. கட்டாந்தரையைக் கொத்தி, சமன் செய்து, சாணம் கரைத்துத் தெளித்து, உருளை இழுத்து, அது காய்வதற்குள் நாய் ஓடிவிடாமல் காவல் காத்து, இத்தனைக்கும் பிறகு கொஞ்ச நேரம் ஆடுவோம். பீங்கான் ஊர் என்பதால் கோடு போடும் மாவு மட்டும் எங்களுக்குத் தனி ரகம். பொம்மை வார்க்கும் பட்டறைகளில் தேய்ந்துபோய்க் கழித்துப் போட்ட பிளாஸ்டர் அச்சுகளை அள்ளிவந்து, இடித்து, சலித்து, டப்பாவில் அடைத்து வைத்திருப்போம். அந்த வெள்ளைக் கோட்டை உற்றுப் பார்த்தால் எங்காவது ஒரு பொம்மை மூக்கின் வளைவு பொடியாகாமல் கிடக்கும். கோடு போடும் உரிமை என்னுடையது. அந்த அதிகாரத்தில், சும்மா ஓரமாக நடந்துபோன ஓய்வுபெற்ற தாசில்தாரையே “சார், செருப்பைக் கழற்றிட்டுக் கோட்டைத் தாண்டுங்க” என்று சொன்னவன் நான். அவரும் மறுபேச்சில்லாமல் கழற்றினார். அன்று எனக்கு வந்த கர்வம் பிறகு எந்தப் பதவி உயர்விலும் வரவில்லை.

செராமிக் படிப்பை முடித்து, மின்கம்பங்களுக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு வடநாட்டு ஆலைக்கு வேலைக்குப் போனபோது, அதன் குடியிருப்பில் கோல்ஃப் மைதானம் என்று ஒன்றைக் காட்டினார்கள். கோல்ஃப் என்றால் பச்சைக் கம்பளம் விரித்தது போலிருக்கும் என்று சினிமா சொல்லிக்கொடுத்திருந்தது. அங்கே இருந்ததோ புதரும் செம்மண்ணும். குழி இருக்கும் இடத்தில் புல்லே இல்லை. சலித்த மணலில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து, வட்டமாகப் பரப்பி, அழுத்தி வைத்திருந்தார்கள். தண்ணீருக்குத் தவித்த ஊர்களில் அன்றைக்கு அதுதான் வழி. பச்சைக்குப் பதில் பழுப்பு என்பதால் அதன் பெயரே ‘பிரவுன்’. ஒருவர் பந்தைத் தட்டி முடித்ததும், ஓர் ஆள் சாக்குப் பாயைக் கயிற்றில் கட்டி, குழியிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி இழுத்துக் காலடித் தடங்களை அழித்துக்கொண்டே வெளியே வருவார். எனக்குக் கண் கலங்காத குறை. உலகத்தின் பெரிய மனிதர்களும் கடைசியில் நம்மைப் போல மண்ணைத்தான் மெழுகிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததில் அப்படி ஒரு ஆறுதல்.

அங்கே என்னைச் சேர்த்துக்கொண்ட மதுரைக்காரப் பொறியாளர் ஒருவர், மட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே ஒழுங்கைக் கொடுத்தார். “தம்பி, பந்து எங்க போச்சுன்னு ஊருக்கே தெரியலாம், நீ எங்க போனேன்னு தெரியக் கூடாது.” மணல் பள்ளத்தில் தாழ்வான ஓரமாக இறங்கு, ஏறும்போது உன் தடத்தை மண்வாரியால் நீயே இழுத்து மூடு, மற்றவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே கால் வைக்காதே, அவர் ஓங்கும்போது மூச்சுக்கூடச் சத்தமாக விடாதே, பின்னால் வேகமாக வருகிறவர்களுக்கு வழிவிடு. பந்து யார் தலையையாவது பார்த்துப் போனால் ‘ஃபோர்’ என்று கத்த வேண்டும். என் வாயிலிருந்து வந்ததென்னவோ “யோவ், தலை தலை!” என்பதுதான், மொழி தெரியாத ஊரிலும் எல்லோரும் ஒழுங்காகக் குனிந்தார்கள்.

பிறகு காலம் மாறி, ஆழ்துளைக் கிணறும் தெளிப்பானும் வந்து, பிரவுன்கள் பச்சையாகின. கழிவெண்ணெயை மண்ணில் ஊற்றும் கொடுமை ஒழிந்தது நல்லதுதான். அதற்குப் பதிலாக அந்தப் பச்சை, ஊர் குடிக்கிற தண்ணீரில் பங்கு கேட்டது என்பது வேறு கதை. வெப்பமான ஊர்களில் விரித்த அந்தப் புல்லுக்கு பெர்முடா என்று பெயர் சொன்னார்கள். குனிந்து பார்த்தால் நம் அறுகம்புல்! எங்கள் ஊர் ஆழத்துப் பிள்ளையாருக்குப் படியிறங்கிப் போய்க் கட்டுக்கட்டாகச் சாத்திய அதே அறுகின் வம்சத்தை, மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு மழித்து, நடுவில் நாலேகால் அங்குலக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். அறுகுபோல் வேரோடி வாழ்க என்று வாழ்த்தினவர்கள் இந்தச் சவரத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மட்டை பெயர்த்தெடுத்த புல்துண்டைக் குளிர்நாட்டில் திரும்ப வைத்து மிதித்துவிட்டுப் போவார்கள். அறுகுக்கு அது சரிப்படாது, பள்ளத்தில் மணலை நிரப்பினால் போதும், கொடியோடி அதுவே மூடிக்கொள்ளும். பந்து விழுந்து குழிந்த இடத்தை இரண்டு பல் முள்ளால் சுற்றிலுமிருந்து நடுவை நோக்கித் தள்ள வேண்டும். அடியிலிருந்து நெம்பினால் வேர் அறும். உடனே செய்தால் ஓரிரு நாளில் ஆறும். சோம்பல்பட்டால் வாரக்கணக்கில் வடுவாகக் கிடக்கும். அந்த முள்ளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிண்டிப் பந்தயத் திடலுக்குள்ளிருந்த கோல்ஃப் களத்தில் விருந்தாளியாக நடந்தபோது, பழைய தாசில்தார் பார்க்கவில்லையே என்று எனக்கு ஒரே ஏக்கம்.

கல்கத்தாவில் 1829-இலும் கொடைக்கானலில் 1895-இலும் கிளப் தொடங்கினவர்கள் தங்களோடு இந்த ஒழுக்க நெறிகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். நான் கற்ற காலத்தில் விதிப் புத்தகத்தைத் திறந்தால் முதல் அத்தியாயமே மைதான மரியாதைதான். எப்படி ஜெயிப்பது என்பது அதற்கப்புறம். 2019-இல் விதிகளைத் திருத்தி எழுதினபோது அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, ஒரு விதியின் உட்பிரிவாகச் சுருக்கிவிட்டார்கள். குழியில் நிற்கும் கொடியைப் பிடுங்காமலே பந்தை உருட்டலாம் என்றார்கள். ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க இன்னொருவர் ஆடும் அந்தச் சின்ன உபசாரம் போயிற்று. தொலைந்த பந்தைத் தேட இருந்த ஐந்து நிமிடம் மூன்றானது. வேகத்துக்கு நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதருக்குள் நாலு பேர் பந்தைத் தேடுகிற சாக்கில், யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு இடமாற்றம் என்று பேசித் தீர்த்ததெல்லாம் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில்தான். இப்போது நடையே இல்லை, பேட்டரி வண்டி. அது புல்லில் ஏறாமலிருக்கக் கயிறு. கயிற்றைத் தாண்டாமலிருக்க ஒரு பலகை.

கிண்டித் திடலையும் 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டது. 160 ஏக்கர் சொச்சம். வெள்ளத்தைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டினார்கள். விரலளவு பள்ளத்தைக்கூட மூடிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று நான் பயபக்தியோடு முள்ளை எடுத்த மண்ணில் பொக்லைன் இறங்கிய படத்தைப் பார்த்துச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை; மழைக்காலத்தில் வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற என் சம்பந்தியைக் கேட்டால், இன்னும் நாலு குளம் வெட்டட்டும் என்பார்.

போன மாதம் பேரன் என்னை ‘டர்ஃப்’ என்ற செயற்கைப் புல்வெளிக்குக் கூட்டிப்போனான். கைபேசியில் மணிக்கணக்கில் வாடகை, சுற்றிலும் வலை, பகலைத் தோற்கடிக்கும் விளக்கு. சாணம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நாய்க்குக் காவல் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் பையன்கள் தண்ணீர் பாட்டிலை அப்படியே உருட்டிவிட்டுக் கிளம்ப, நான் மட்டும் குனிந்து, ஒதுங்கிக் கிடந்த கறுப்பு ரப்பர்த் துகளைக் காலால் தள்ளிச் சமன்செய்துகொண்டிருந்தேன். மேலாளர்ப் பையன் ஓடிவந்து, “தாத்தா, அதுக்கெல்லாம் மெஷின் இருக்கு, அடுத்த டீம் வெயிட்டிங்” என்றான். பின்னால் வருகிறவனுக்கு வழிவிடு என்பது மதுரைக்காரர் சொன்ன சட்டம்தானே, மறுபேச்சில்லாமல் நகர்ந்தேன். முட்டிக்கு அந்தத் தரை இதமாக இருந்ததால், அடுத்த ஞாயிறுக்கும் ஒரு மணி நேரம் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.