முருகனும் மார்கனும் ஒரே டப்பாவில்

அப்பா பெயர் முருகன். பத்திரத்தில் ஜி போட்ட முருகன், பாஸ்புக்கில் கே போட்ட முருகன், வாக்காளர் அட்டையில் யு-வை எடுத்துவிட்டு இரண்டு ஓ போட்ட முருகன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஓர் அலுவலகத்துக்கு ஆறு தடவை நடந்தேன். கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மூணு பேரும் வந்திருக்காங்களா?" என்றார்.

இந்தத் தகராறுக்கு அமெரிக்காக்காரன் 1918-லேயே வைத்தியம் கண்டுபிடித்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டான். ராபர்ட் ரஸ்ஸல், மார்கரெட் ஓடெல் என்ற இருவரின் கைங்கரியம் அது; பிற்பாடு அதற்கு சவுண்டெக்ஸ் என்று பெயர். செய்முறை ரசம் வைப்பதைவிடச் சுலபம். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வை. உயிரெழுத்துகளையும், ஹெச், டபிள்யூ, ஒய் போன்ற காற்றெழுத்துகளையும் தூக்கிப் போடு. மிச்சத்தை ஆறு கூட்டமாகப் பிரித்து, ஆளுக்கு ஓர் எண் ஒட்டு. மூன்று எண் சேர்ந்ததும் நிறுத்து. இதில் கே-யும் ஜி-யும் ஒரே கூட்டம், டி-க்கள் இரண்டும் ஒரே கூட்டம், பி-க்கள் இரண்டும் ஒரே கூட்டம். க, ட, ப என்று ஒவ்வோர் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஈராயிரம் வருஷமாகக் காலந்தள்ளுகிற நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. அவர்களுக்குத்தான் பேட்டண்ட் வாங்கும் அளவுக்குப் புல்லரித்திருக்கிறது.

அப்பாவைப் போட்டுப் பார்த்தேன். ஜி முருகன், கே முருகன், இரண்டு ஓ முருகன் மூவருக்கும் ஒரே விடை: எம் 625. கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் இன்னும் சில பெயர்களைப் போட்டேன். பேங்க் முதலாளி ஜே.பி. மார்கன் இருக்கிறாரே, அவருடைய மார்கனும் எம் 625. மன்னிப்பதில் இந்த முறைக்குக் கர்ணனின் கை. அதே சமயம் முதல் எழுத்து தவறினால் எமதர்மன்: கேதரினை சி-யில் தொடங்கினால் ஒரு டப்பா, கே-யில் தொடங்கினால் வேறு டப்பா.

1935-ல் அமெரிக்காவில் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. பென்ஷன் வாங்க வயதுக்குச் சான்று வேண்டும். கிழவர்களில் பல பேரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பழைய மக்கள்தொகைக் கணக்கில் தேடலாம் என்றால், அதில் பெயர் எழுதிய புண்ணியவான்கள் காதில் விழுந்ததை எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். வேலையில்லாதவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சவுண்டெக்ஸ்படி அட்டை எழுதச் சொன்னது அரசாங்கம். நம்ம நூறு நாள் வேலை மாதிரி. ஏரிக்குப் பதில் அட்டை. 1880-ஆம் ஆண்டுக் கணக்கில் பத்து வயதுக்குள் பிள்ளை இருந்த வீடுகளுக்கு மட்டுமே அட்டை போட்டார்கள். அந்தப் பிள்ளைதானே இப்போது பென்ஷனுக்கு நிற்கிற கிழவர்! வெட்டி வேலை செய்யாத அரசு அலுவலகம் சரித்திரத்தில் ஒன்றாவது இருந்திருக்கிறது.

அடுத்தது கம்ப்யூட்டர் காலம். 1964-ல் ஐபிஎம்மில் இருந்த ஃப்ரெட் டேமராவ், எழுத்துப் பிழைகளைக் கொட்டி எண்ணிப் பார்த்தார். ஓர் எழுத்து கூடுதல், ஓர் எழுத்து குறைவு, ஓர் எழுத்து மாற்றம், பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறியது என்ற நாலே வகையில் 80 சதவீதத்துக்கு மேல் அடங்கிவிட்டன. மனிதன் தப்புப் பண்ணுவதில்கூடக் கற்பனை வளம் இல்லாதவன். மறுவருஷம் மாஸ்கோவில் விளாதிமிர் லெவன்ஷ்டெயின், ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை திருத்தம் தேவை என்பதையே தூரமாக வைத்தார். அவர் கவலைப்பட்டது தகவல் அனுப்பும்போது பூஜ்யமும் ஒன்றும் வழியில் தொலைவதைப் பற்றி. நம் எழுத்துப் பிழையைப் பற்றி அல்ல. பேர் என்னவோ அவருக்குத்தான். வாழைக்கும் வாளைக்கும் லெவன்ஷ்டெயின் தூரம் ஒன்று. சைவக் கல்யாணத்துக்கு இலை தேடுகிறவர் முன்னால் மீனைக் கொண்டுவந்து வைக்கிற தூரம்.

இதையெல்லாம் தேடுபொறிக்குள் நுழைத்த கதைதான் எனக்குப் பிடித்தது. லூசீன் என்று ஓர் இலவசத் தேடல் மென்பொருள். 1999-ல் டக் கட்டிங் எழுதி, மனைவியின் நடுப்பெயரை வைத்தார். அதில் பிழைபொறுத்துத் தேடும் வசதியும் இருந்தது. ஆனால் அது வேலை செய்த விதம்: அகராதியில் உள்ள சொற்களை வரிசையாக எடுத்து, நீ எவ்வளவு தூரம், நீ எவ்வளவு தூரம் என்று அளப்பது. கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தொலைத்தவன் ஒவ்வொருவர் காலாகக் குனிந்து பார்ப்பானே, அப்படி.

விமோசனம் ஷூல்ட்ஸ், மிஹோவ் என்ற இருவர் 2002-ல் எழுதிய கட்டுரையில் இருந்தது. 67 பக்கம். தேற்றம், துணைத் தேற்றம், கிரேக்க எழுத்து, முக்கோணப் படங்கள். லூசீன் ஆட்கள் மோதிப் பார்த்தார்கள், விளங்கவில்லை. கடைசியில் கனடாப் பக்கத்து ஆசாமி ஒருவர் அதே கட்டுரையைப் பைத்தான் மொழியில் எழுதி இணையத்தில் போட்டிருந்தது கண்ணில் பட்டது. அதுவும் விளங்கவில்லை. ஆனால் ஓடியது! அந்தப் பைத்தானையே லூசீனின் மொழியான ஜாவாவில் எழுதித்தரும் குமாஸ்தாவாக ஆக்கி, வந்ததை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டால் எந்தக் கல்யாணம் நடக்கும்? தேடல் நூறு மடங்கு வேகமாயிற்று. ஒளிவுமறைவில்லாமல் இதை அவர்களே எழுதி வைத்ததற்குக் கோவில் கட்டலாம்.

பிழையை மன்னித்து, பொருந்திய ஆவணங்களை எல்லாம் உள்ளே விட்டாகிவிட்டது. பந்தியில் யாருக்கு முதல் இலை? எங்கள் ஊரில் "முருகன் வீடு எது?" என்று கேட்டால் கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "கடிகாரக்கடை முருகன்" என்றால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். எல்லா ஆவணத்திலும் இருக்கிற சொல்லுக்கு மதிப்பில்லை, அபூர்வச் சொல்லுக்கே மதிப்பு என்பதை 1972-ல் கணக்காகவே எழுதிக் காட்டியவர் கேம்பிரிட்ஜின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். உலகத்துத் தேடுபொறிகள் அவர் உப்பைத் தின்கின்றன. பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது 1999-ல். வரிசைப்படுத்தும் வித்தையைக் கற்றுக்கொடுத்தவரைப் பல்கலைக்கழகம் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தது.

லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சன் கூட்டம் 1994-ல் அதற்கு மேல் ஒரு மாடி கட்டியது. பெயர் பிஎம்25. அதற்கு பிஎம்11, பிஎம்15 என்று அண்ணன்மார் உண்டு. மேடையில் தலைவர் பெயரை முதல் மூன்று தடவை சொன்னால் கைதட்டு; நூறாவது தடவை சொன்னால் கொட்டாவி. சொல் திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பெண் கூடும் வேகம் குறைய வேண்டும் என்பதும், வளவளவென்று நீண்ட ஆவணத்துக்குச் சலுகை கூடாது என்பதும்தான் சூத்திரம். பல தொண்டர்களுக்கு இன்னும் இது எட்டவில்லை.

கூகுள் வந்ததும், பிழை திருத்துவதில் அகராதியையே ஓரங்கட்டியது. ஒரு மூன்று மாத காலத்தில் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் பெயரை யார் யார் எப்படி எழுதினார்கள் என்று பட்டியல் வெளியிட்டார்கள். சரியாக எழுதியவர்கள் 4,88,941 பேர். அடுத்த இடம் பிடித்த தப்புக்கு 40,134 பேர். இப்படித் தப்புகளில் மட்டும் ஐந்நூற்றுச் சொச்சம் ரகம். எது சரி என்பதைத் தலையை எண்ணியே முடிவுகட்டியது இயந்திரம். ஊரே கூடித் தப்பாக எழுதினால் பிரிட்னிதான் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்பா விஷயம் ஏழாவது தடவையில் முடிந்தது. சவுண்டெக்ஸெல்லாம் செல்லாது, நோட்டரி அஃபிடவிட் கொண்டு வாருங்கள் என்றார் கண்ணாடிக்காரர். கொண்டுபோனேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தால், வல்லின ற போட்டு, முறுகல் தோசைக்குத் தம்பி மாதிரி "முறுகன்" என்று அடித்திருக்கிறது.