அம்மாவின் தெலுங்கும் பள்ளித் தமிழும்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் என்னை நிர்வாகம் சிங்கப்பூருக்கு மாற்றுகிறது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் என் குழந்தைகளை அங்கே எந்தப் பள்ளியில் சேர்ப்பது?
— ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம் என்னும் எல்லையோரத்தில், அம்மாவிடம் தெலுங்கில் கோபித்துக்கொண்டு, வாத்தியாரிடம் தமிழில் பாடம் ஒப்பித்து வளர்ந்த குழந்தைகளுக்கு, இன்னொரு பாஷை பாரமாகிவிடுமோ என்று தாங்கள் சஞ்சலப்பட வேண்டியதே இல்லை. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கையும் அதிகாரபூர்வ மொழிகளாக அங்கீகரித்துள்ள அத்தேசத்தின் அரசுப் பள்ளிகளில், மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்க, தாய்மொழியும் ஒரு பாடமாகப் போதிக்கப்படுகிறது. தமிழ் உண்டு, ஹிந்தி, வங்காளி, உருதுவுக்கும் ஏற்பாடு உண்டு, தெலுங்குக்கு இல்லை. ஆகவே பள்ளியில் தமிழையே எடுக்கட்டும். தெலுங்குக்குத் தாயாரே சர்வகலாசாலை.

ஆனால் அயல்நாட்டுப் பிள்ளைகள் இடைப்பட்ட வகுப்புகளில் சேர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பரீட்சை எழுத வேண்டும். தேறினாலும், காலியிடம் இருந்தால்தான் அனுமதி. கல்வியாண்டோ ஜனவரியில் பிறக்கிறது. இரண்டொரு வருஷத்தில் திரும்பிவிடும் உத்தேசமானால், அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளியே உசிதம். அதன் கட்டணம் கனமானது என்பதால், நிர்வாகம் அதை ஏற்குமா என்பதை மாற்றல் உத்தரவிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நெடுங்காலம் தங்குவதானால் அரசுப் பள்ளிக்கே முயலுங்கள். தமிழ் வகுப்பில்லாத உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தாலும், உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் அப்பாடத்தைப் படிக்கலாம்.