ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 3061

எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் இனிஷியல் மாறிப்போனால்கூடப் பெரியப்பா பொறுத்துக்கொள்வார். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ போடவில்லையென்றால் பந்தியில் உட்கார மாட்டார். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பாவத்துக்காக, இந்தக் குறிகளைப் பிடித்துத் தருவது என் தலையில் விழுந்தது.

வேர்டில் 'இன்செர்ட்' போய் 'சிம்பல்' திறந்து, விங்டிங்ஸ் எழுத்துருவைப் பாருங்கள். கத்தரிக்கோல், டெலிபோன், தபால் பெட்டி எல்லாம் உண்டு. மேஷம் முதல் மீனம் வரை பன்னிரண்டு ராசிக்கும் குறி உண்டு. முகூர்த்தத் தேதிக்குத்தான் கிடையாது.

கேட்காததை மட்டும் வேர்டு தானாகவே கொடுக்கும். ஆங்கிலத்தில் மூன்றாவது உட்பிரிவுக்கு அடைப்புக்குறிக்குள் 'சி' போட்டால் © ஆக்கிவிடும். வாடகை ஒப்பந்தத்தில் தண்ணீர் வரி நிபந்தனைக்குக் காப்புரிமை வாங்கிய வக்கீல் ஒருவரை எனக்குத் தெரியும். உடனே கன்ட்ரோல், இசட் அழுத்தியிருந்தால் உரிமை ரத்தாகியிருக்கும்.

உண்மையில் வழி சுலபம். யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கதவு எண் உண்டு. வேர்டில் ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி, வலப்பக்க எண்பலகையில் 3061 அடித்துவிட்டு விரலை எடுத்தால் ௵ வந்து நிற்கும். 3060 ௴, 3059 ௳. 2003இல் யூனிகோடு 4.0 இவர்களுக்கு வீடு ஒதுக்கியது. பக்கத்து வீடுகளும் சுவாரசியமானவை. 3062இல் பற்று ௶, 3063இல் வரவு ௷. செலவை முன்னால் நிறுத்தி வரவைப் பின்னால் விட்டிருக்கிறார்கள்; மாதச் சம்பளக்காரர் வீட்டு நிலவரம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். 3064இல் இருக்கும் ௸ தான் 'மேற்படி'. அது இல்லாமல் பத்திர எழுத்தர் ஒரு பத்தி நகர மாட்டார்.

நம்மூர் உதயகுமார் வடிவமைத்த ₹ குறிக்கு 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன் எண் 8377. தமிழுக்கென்று பழைய ரூபாய்க்குறி ௹ ஒன்றும் 3065இல் இருக்கிறது. பெரியப்பா மொய் எழுதும்போது அதைத்தான் போடுவார். குறி எதுவானாலும் தொகை 101தான்.

லேப்டாப்பில் எண்பலகை இல்லையா? எண்பலகை உள்ள கம்ப்யூட்டரில் ஒரு முறை அடித்து வாங்கி, ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது காப்பி, பேஸ்ட் செய்யுங்கள். அச்சகத்துக்கு மட்டும் பி.டி.எஃப். ஆகவே அனுப்புங்கள். வேர்டு கோப்பாகப் போனால், எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வருஷம், மாதம், தேதி மூன்றும் வெறும் கட்டங்களாகிவிடும். பத்திரிகையோடு ஜாதகத்தையும் அச்சடித்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் பொருத்தம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.