திரும்பி வருதலை நிறுவும் முறை: சுற்றுலா விசா பற்றி ஓர் அளவையியல் ஆய்வு

இன்னும் புறப்படவே இல்லாத ஒருவர் திரும்பி வருவார் என்பதை எப்படி நிறுவுவது? இவ்வாய்வின் பொருள் இது ஒன்றே. பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்காவுக்கோ, ஊர் சுற்ற ஐரோப்பாவுக்கோ கிளம்ப நினைக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோர் இதன் எல்லை. அளவுகோல், மணிமேகலை. அதன் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் அளவைவாதி ஒருவர் உண்மையை அறியும் வழிகள் பத்து என்று அடுக்குகிறார். விசாவுக்கு வேறு வழிகாட்டி நூல் தேவையில்லை என்பது என் கருதுகோள்.

முதலில் வழக்கின் தன்மை. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், 214(பி) பிரிவு: சுற்றுலா விசா கேட்டு வருபவர் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் முதலில் கொள்ளப்படுவார். அப்படியில்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. கொலை வழக்கில் கூண்டில் நிற்பவருக்குக்கூட, குற்றத்தை நிரூபிக்கும் வேலை எதிர்த்தரப்புக்குத்தான். சொந்த வீடும் மூட்டுவலியும் உள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்கு அந்தச் சலுகை கிடையாது.

அவர் நிரப்ப வேண்டிய டி.எஸ்.-160 படிவம் தனி ஆய்வுக்குரியது. இனப்படுகொலையில் பங்கேற்றதுண்டா, பயங்கரவாதச் செயலில் ஈடுபடும் எண்ணம் உண்டா என்றெல்லாம் கேட்கிறது. அம்மையார் நிதானமாக ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' போடுகிறார். ஏதேனும் குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா என்றும் ஒரு கேள்வி உண்டு. மகளின் கல்யாணப் பத்திரிகையில் கோத்திரம் வரை அச்சடித்தவர்களும் அதற்கு 'இல்லை' என்றே பதில் தருகிறார்கள். சாதி ஒழிப்பு வரலாற்றில் இப்படிவத்தின் இடம் இன்னும் மதிப்பிடப்படவில்லை.

இனி அளவைகள். நம்மவர் முழுமுதலாக நம்புவது ஆகமத்தை, அதாவது எழுத்துச் சான்றை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, பென்ஷன் ஆணை, எஃப்.டி. ரசீது, மருமகனின் சம்பளச் சீட்டு, ஆடிட்டர் கையெழுத்திட்ட சொத்து மதிப்புச் சான்று, எல்லாவற்றுக்கும் மேலே மகள் அனுப்பிய அழைப்புக் கடிதம். கல்யாண ஆல்பம் கனத்துக்கு ஒரு ஃபைல் தயாராகிறது. சென்னை அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அது பெரும்பாலும் திறக்கப்படுவதே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இரண்டு மூன்று கேள்வி கேட்பார், முகத்தைப் பார்ப்பார், முடிந்தது. அமெரிக்கா காண்டல் அளவையை நம்பும் நாடு.

ஐரோப்பா ஆகமக் கட்சி. லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் கிராமத்தருகே, மோசெல் ஆற்றில் நின்ற கப்பலில், 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்று 29 நாடுகளுக்கு விரிந்திருக்கிறது. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. முடிவெடுக்கும் அதிகாரி உங்கள் முகத்தைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வங்கிக் கணக்கு விவரம், ஓட்டல் பதிவு, விமான டிக்கெட், இவைதாம் நீங்கள். கூடவே குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. போன இடத்தில் இறந்துவிட்டால் உடலைத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும் என்பது விதி. திரும்பி வருதலை இவ்வளவு ஐயம் திரிபற நிறுவும் சான்று எந்த அளவை நூலிலும் இல்லை.

கங்கையில் ஆயர்குடி இருக்கிறது என்றால் கரையில் இருக்கிறது என்று கொள்வது அருத்தாபத்தி. போன மாதம் கணக்கில் திடீரென எட்டு லட்சம் ஏறியிருக்கிறது என்றால் மைத்துனர் கொடுத்தது என்று கொள்வதும் அதுவே. அதிகாரிகள் இதில் கரைகண்டவர்கள். அபாவம், இல்லாமையைக் கொண்டு அறிவது. இருபத்தாறு வயது, கல்யாணம் இல்லை, வீடு இல்லை, வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட இல்லை என்றால், திரும்பி வரக் காரணமும் இல்லை என்று தீர்ப்பாகிவிடும். இளைஞர்கள் அதிகம் அடிபடுவது இந்த அளவையில்தான்.

களத்தில் வலுவானது ஐதிகம். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதை நம்புவது. தூதரகத்துக்குள் செல்போன் அனுமதி இல்லை. ஆகவே வரிசையில் ஐதிகம் தடையின்றிப் பாய்கிறது. மூன்றாம் ஜன்னல்காரர் யாருக்கும் கொடுக்க மாட்டார். புதன்கிழமை ராசி. பேரனைக் கவனித்துக்கொள்ளப் போகிறேன் என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். கடைசிப் பேய்க்கு மட்டும் கொஞ்சம் உயிர் உண்டு: சம்பளமில்லாத ஆயா வேலையும் வேலைதானே என்று அதிகாரி நினைக்கக்கூடும்.

மணிமேகலை பத்தோடு நிறுத்திக்கொண்டது. பதினொன்றாவதைப் பக்தர்கள் சேர்த்திருக்கிறார்கள். ஹைதராபாத் அருகே சில்கூர் பாலாஜி கோயிலில் வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, கிடைத்த பின் 108. சென்னைக்காரர்களுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, பழவந்தாங்கலில் விசா கணபதி இருக்கிறார்.

இவை அனைத்தையும் விட வலிய சான்று, முன்பு ஒருமுறை போய்த் திரும்பிய முத்திரை. போய் வந்தவர்தான் போய் வரத் தக்கவர் என்றால் முதல்முறை போகிறவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு அளவைவாதிகளிடமும் விடையில்லை, துணைத் தூதரகத்திலும் இல்லை.

முடிவை அறிவது மட்டும் எளிது. அமெரிக்க அதிகாரி பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டால் பெரும்பாலும் விசா கிடைத்துவிட்டது. உடனே கையில் திருப்பிக் கொடுத்தால் இல்லை. எது திரும்பி வந்தாலும், 2023 ஜூனில் 160 டாலரிலிருந்து 185 ஆக உயர்ந்த விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது.