திருகாணி ஐந்தா மூன்றா: வீடியோ கேம் கேசட்டுகளின் பாடபேதம் குறித்து ஓர் ஆய்வு

வீடியோ கேம் சேகரிப்பைப் பற்றி இதுவரை எழுதியவர்களில் பலர் ஓர் அடிப்படைத் தவறு செய்திருக்கிறார்கள்: விளையாட்டைப் பற்றி எழுதிவிட்டார்கள். விளையாட்டு என்பது கேசட்டுக்குள் கிடக்கும் பல பொருள்களில் ஒன்று, அவ்வளவுதான். அதை டிவியில் இணைத்து ஆடிப் பார்ப்பது பிள்ளைகளின் வேலை. ஆய்வாளனின் வேலை, கேசட்டைக் குப்புறப் போட்டுத் திருகாணிகளை எண்ணுவது.

நிண்டெண்டோ நிறுவனம் 1985இல் அமெரிக்காவில் இறக்கிய என்.இ.எஸ். கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்க காலக் கேசட்டுகளின் முதுகில் ஐந்து திருகாணிகள் இருந்தன. பின்னால் வந்தவற்றில் மூன்றுதான். மேல் விளிம்பில் இருந்த இரண்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கொக்கிகள் வந்தன. ஆட்டம் மாறவில்லை. மாரியோ இரண்டிலும் அதே பள்ளத்தில் விழுந்து அதே மாதிரி சாகிறார். ஆயினும் ஐந்து திருகாணி வேறு, மூன்று திருகாணி வேறு. இரண்டுக்கும் அட்டவணையில் தனித்தனி வரி உண்டு என்பது துறையில் நிலைபெற்ற முடிவு. "ஒரே கேசட்ட எதுக்கு ரெண்டு வாங்கி வச்சிருக்க?" என்று கேட்கும் வீட்டார், பாடபேதம் என்று ஒரு துறை இருப்பதையே அறியாதவர்கள். அவர்களை மன்னித்து மேலே செல்வோம்.

இத்துறைக்கு நம்மிடம் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ஒரே நூலின் பல சுவடிகளை வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக ஒப்பிட்டு, பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் காட்டிப் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். அவருக்கு வாய்த்தது செல்லரித்த ஏடு. நமக்கு வாய்ப்பது, முன்பு வைத்திருந்த பையன் மார்க்கர் பேனாவால் தன் பெயரை எழுதிவைத்த லேபிள். மற்றபடி உழைப்பு ஒன்றுதான். ஐயர் பல பிரதிகளை ஒப்பிட்டது, நல்ல பாடம் ஒன்றைத் தேர்ந்து ஊரார் படிக்கக் கொடுப்பதற்கு. நாம் ஒப்பிடுவது, எல்லாப் பாடங்களையும் நாமே அலமாரியில் பூட்டிக்கொள்வதற்கு. நோக்கத்தில் உள்ள இச்சிறு வேறுபாடு முறையியலைப் பாதிக்காது என்க.

இனி வகைப்பாடு. பொருளை அகம், அகப்புறம், புறம், புறப்புறம் என நான்காகப் பகுக்கும் வழக்கம் நம் இலக்கண மரபில் உண்டு. கேசட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பகுப்பு வேறு எந்த மொழியிலும் கிடைக்காது என்று துணிந்து சொல்லலாம்.

அகமாவது, சில்லுக்குள் எழுதிய நிரல். 1998இல் நிண்டெண்டோ 64 கருவிக்கு வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' இதற்கு நல்ல சான்று. அதன் அமெரிக்கப் பிரதிகளில் 1.0, 1.1, 1.2 என மூன்று பாடங்கள் உண்டு. முதல் இரண்டில் வில்லன் கனோன்டார்ஃப் கக்கும் ரத்தம் சிவப்பு, மூன்றாவதில் பச்சை. முதல் இரண்டில் நெருப்புக் கோயிலின் பின்னணியில் இஸ்லாமிய ஓதல் ஒலிக்கும். மூன்றாவதில் அது நீக்கப்பட்டிருக்கும். இந்த வேறுபாட்டை அறிய ஆட்டத்தின் கடைசிக் கட்டம்வரை ஆடிப் போய் வில்லனை வீழ்த்த வேண்டும் என்று நினைப்பவர் இத்துறைக்குப் புதியவர். கேசட்டின் பின்புற லேபிளில் மையில்லாமல் அழுத்திப் பதித்த எண் ஒன்று இருக்கிறது. விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். எண்ணை அடுத்து எழுத்து இல்லையெனில் 1.0, 'ஏ' இருந்தால் 1.1; 'பி' இருந்தால் 1.2. கருவியின் சுவிட்சைத் தொடாமலே ரத்தத்தின் நிறத்தைச் சொல்லிவிடலாம்.

அகவாதிகளில் தீவிரர்கள் உண்டு. நோ-இன்ட்ரோ, ரீடம்ப் என்ற குழுக்களைச் சேர்ந்தவர்கள் அட்டையையும் ஓட்டையும் பொருட்படுத்தாமல், உள்ளிருக்கும் தரவை நகலெடுத்து அதற்கு 40 எழுத்து நீளமுள்ள எஸ்.எச்.ஏ.-1 குறியீட்டைக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துகிறார்கள். ஒரே ஒரு பிட் மாறினாலும் குறியீடு முழுவதும் மாறிவிடும். கேசட்டுகளும் தட்டுகளும் மக்கிப்போன பிறகும் இந்த ஆட்டங்களை யாராவது ஆட முடியும் என்றால் அது இவர்கள் தயவால்தான். பயனுள்ள காரியம் என்பதால் இக்கட்டுரையின் எல்லைக்குள் அது வராது.

அகப்புறத்துக்கு வருவோம். 1985இல் வந்த 'ஜைரோமைட்' கேசட்டைத் திறந்தால், சில பிரதிகளுக்குள் ஜப்பானியக் கருவியான ஃபேமிகாமுக்கு உரிய பலகை இருக்கும். ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 முனைகள், என்.இ.எஸ். கேசட்டுக்கு 72. எனவே இடையில் ஒரு மாற்றி வைத்து, அமெரிக்க ஓட்டுக்குள் அடைத்து அனுப்பிவிட்டார்கள். ஓட்டின் மேல் ஜைரோமைட் என்று எழுதியிருக்க, ஆட்டம் தொடங்கியதும் திரையில் 'ரோபாட் ஜைரோ' என்று வேறொரு பெயர் வருகிறது. அட்டவணையாளருக்கு இது தர்மசங்கடம். ஜகர வரிசையில் வைப்பதா, ரகர வரிசையிலா? ஜகரத்தில் வைத்து, ரகரத்தில் 'காண்க' என ஒரு சீட்டுச் செருகுவதே முறை என்பது என் துணிபு.

மாற்றி உள்ளே இருக்கிறதா என்று அறியத் திருகாணியைக் கழற்றலாமா என்பது பெரிய சர்ச்சை. கழற்றினால் ஓட்டில் கீறல் விழும். கழற்றாவிட்டால் ஐயம் தீராது. துறையினர் கண்ட வழி, கேசட்டை நிறுத்துப் பார்ப்பது. மாற்றி உள்ள பிரதி எடை கூடுதலாக இருக்கும். ஆக, வீடியோ கேம் ஆய்வுக்கு இன்றியமையாத கருவிகளில் தராசும் ஒன்று என்பது பெறப்படும்.

புறம் என்னும் பகுதியில்தான் கடல் தொடங்குகிறது. நிண்டெண்டோவின் தர முத்திரை முதலில் வட்டமாக இருந்தது, பிறகு நீள்வட்டமானது. அடாரி தன் கருவியை 1977இல் வெளியிட்டபோது, அதே ஆட்டங்களை சியர்ஸ் கடைகள் தம் சொந்த லேபிளோடு விற்றன. அங்கே 'காம்பாட்' ஆட்டத்துக்கு 'டேங்க் பிளஸ்' என்று பெயர். பிளேஸ்டேஷனுக்கு 1997இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7' பின்னட்டையில் 'மாஸ்டர்பீஸ்' என்ற சொல்லை எழுத்துப் பிழையோடு அச்சிட்டார்கள். பிழை உள்ள அட்டை ஒரு வரி, பிழை திருத்திய அட்டை இன்னொரு வரி. அச்சுப்பிழைக்காகப் பதிப்பாசிரியர்கள் வெட்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. இன்று பிழையைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

புறத்தின் உச்சம் 'ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்'. பண்டாய் நிறுவனம் 1987இல் வெளியிட்டது. தரையில் விரித்த மின்பாயின் மேல் ஓடி, தாண்டிக் குதித்து ஆடும் ஓட்டப்பந்தய ஆட்டம். 1988இல் நிண்டெண்டோ அந்தப் பாயின் உரிமையை வாங்கியது. பாய்க்கு 'பவர் பேட்' என்றும் ஆட்டத்துக்கு 'வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட்' என்றும் பெயர் சூட்டியது. பழைய பெயரில் இருந்த பிரதிகள் அமெரிக்கக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன, தப்பியவை சொற்பம். அப்படித் தப்பிய, உறை பிரிக்காத பிரதி ஒன்று 2010இல் 41,300 டாலருக்குப் போனது. புதுப் பெயர் தாங்கிய அதே ஆட்டம் பழைய சாமான்களோடு சில டாலருக்குக் கிடைக்கும். இரண்டிலும் ஓடுபவர் அதே வேகத்தில் ஓடுகிறார், வியர்ப்பது நமக்குத்தான்.

அற்றேல், பெயர்தான் விலையை நிர்ணயிக்கிறது என்று கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. ஐரோப்பாவில் அது ஸ்டேடியம் ஈவென்ட்ஸ் என்ற பெயரிலேயே விற்பனையானது. அந்தப் பிரதி அத்தனை அரிதன்று, விலையும் பல மடங்கு குறைவு. ஆட்டமும் ஒன்று, பெயரும் ஒன்று, அச்சிட்ட கண்டம் மட்டும் வேறு. இந்த இடத்தில் தர்க்க நூலோர் எழுந்து போய்விடுவது வழக்கம்.

எஞ்சியது புறப்புறம். பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை, ஒட்டுச்சீட்டு, கடையில் கொக்கியில் மாட்டுவதற்கென்று பெட்டியின் பின்புறம் விட்ட அட்டைக் காது ஆகியவை இதில் அடங்கும். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' பெட்டிகளில், உறையிட்டு அட்டைக் காது வைத்தவற்றிலேயே நான்கு உட்பிரிவுகளை ஏலக்காரர்கள் காட்டுகிறார்கள். நான்கும் ஓராண்டு இடைவெளிக்குள் வந்தவை. அவற்றில் ஒன்று 2020இல் 1,14,000 டாலருக்கு விற்றது. 2021 ஏப்ரலில் உறை பிரிக்காத இன்னொரு மாரியோ 6,60,000 டாலர். அதே ஆண்டு ஜூலையில் ஒரு செல்டா 8,70,000 டாலர். அதன் சிறப்புகளில் ஒன்று, பெட்டியில் 'ரெவ்-ஏ' என்ற குறிப்பு அச்சாகவில்லை என்பது. இல்லாத ஒன்றுக்குப் பணம் கொடுப்பது தத்துவத்தில் மட்டும் சாத்தியம் என்று நினைத்திருந்தோம். இரண்டு நாள் கழித்து, உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றுத் தீர்ந்த 'சூப்பர் மாரியோ 64' ஆட்டத்தின் பிரதி ஒன்று 15,60,000 டாலர். தரச்சான்று தரும் வாட்டா நிறுவனம் பெட்டிக்கு 9.8 என்றும், சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளுக்குத் தனியாக 'ஏ++' என்றும் மதிப்பெண் போட்டிருந்தது.

ஆகவே விதி இது: ஆட்டத்தை விட்டு விலகிப் போகப் போக விலை ஏறும். இதற்கு விலக்காக, 1990 நிண்டெண்டோ உலகப் போட்டியையொட்டிச் செய்த 90 சாம்பல் நிறக் கேசட்டுகளையும் 26 தங்க நிறக் கேசட்டுகளையும் சிலர் காட்டுவர். அவையும் ஆடுவதற்காக வாங்கப்படுவதில்லை என்பதால் விதி கெடவில்லை. உறை பிரிக்காத பெட்டிக்குள் ஐந்து திருகாணியா மூன்றா என்று யாரும் பார்க்க முடியாது. பார்த்தால் புறப்புறம் போய்விடும். நான்காம் பகுதி மற்ற மூன்றையும் விழுங்கிவிட்டது என்பதே இத்துறையின் இன்றைய நிலை. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் விலைப்பட்டியல் என்னைக் கேட்டு அச்சாவதில்லை.

ஆய்வாளர்கள் இன்னும் கால் வைக்காத பரப்பு ஒன்று நம் ஊரில் கிடக்கிறது. தொண்ணூறுகளில் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் கருவிகளோடு வந்த, '9999999 இன் 1' என்று லேபிள் ஒட்டிய கேசட்டுகளைச் சொல்கிறேன். அவற்றில் தர முத்திரை இல்லை, ஆண்டு இல்லை, செய்தவர் பெயர் இல்லை. பட்டியலில் லட்சக்கணக்கில் எண் ஓடும். உள்ளே இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். மாரியோ வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கினால் வேறு வேறு பெயர், 'கான்ட்ரா'வில் உயிர்கள் கூடினால் இன்னொரு பெயர். மற்ற நாட்டார் ஒரு மூலபாடத்துக்குப் பேதம் தேடுகிறார்கள். இங்கே மூலமே இல்லாமல் பேதம் மட்டும் பெருகியிருக்கிறது. இவற்றை லேபிளில் உள்ள ஒன்பதுகளின் எண்ணிக்கையை வைத்து வகைப்படுத்தலாம் என முன்மொழிகிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் அப்படியொரு கேசட் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பட்டியல் திரையைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள், ஒன்பதுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். விலை எதுவும் கிடைக்காது.