முன்னெழுத்து மாமா

ஊருக்கு ஒருவர் இருப்பார். ரிட்டயர்டு ஹெட்கிளார்க். கையில் அட்டை போன லிப்கோ அகராதி, சட்டைப்பையில் சிவப்பு பேனா. இங்கிலீஷ் பேசுவாரா என்றால், மாட்டார். இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு வம்சாவளி சொல்லுவார். கல்யாணத் தரகர் குலம் கோத்திரம் விசாரிப்பது மாதிரி, முதல் மூன்று எழுத்தைக் கேட்டாலே போதும், வார்த்தையின் குணத்தைச் சொல்லிவிடுவார்.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பையன்கள் டீக்கடையில் சிக்கினால், டீயில் ஆடை படியும் வரை விடமாட்டார்.

"'டெலி' வந்தா தூரம்டா. டெலிபோன், டெலிவிஷன், டெலஸ்கோப். எதுக்கு மனப்பாடம்?"

"அப்ப டெலிவரி, மாமா?"

"அது வேற டி." ஒரு வாய் டீ. "ஆனாலும் தூரத்துலேர்ந்துதானே வருது?"

அவருக்கு மூட்டுவலி வந்தது. பஜாரில் 'பீடியாட்ரிக் கிளினிக்' என்று போர்டு. பி, இ, டி என்றால் கால். பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் அந்த வம்சம்தான். டோக்கன் வாங்கி உட்கார்ந்தார். மடியில் குழந்தையும் கையில் கிலுகிலுப்பையுமாகச் சுற்றிலும் தாய்மார்கள். "பேஷண்டைக் கூட்டிட்டு வரலையா தாத்தா?" என்றாள் நர்ஸ். வீடு திரும்பி அகராதியைப் புரட்டியவர் அசரவில்லை. "லத்தீன்ல அது கால், கிரேக்கத்துல குழந்தை. ரெண்டையும் ஒரே ஸ்பெல்லிங்ல கலந்தவன் வெள்ளைக்காரன். நான் என்ன பண்ண?"

இன்னொரு நாள் பெட்ரோல் டேங்கர் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று படித்தார். "'இன்' வந்தா இல்லைன்னு அர்த்தம். இன்கரெக்ட், இன்விசிபிள். இது தீப்பிடிக்கவே பிடிக்காது" என்று அதன் நிழலில் ஒதுங்கி, பீடிக்குத் தீக்குச்சியை உரசப் போனார். கிளீனர் பாய்ந்து வந்து தீப்பெட்டியைப் பிடுங்கினான். லத்தீனில் 'உள்ளே' என்று இன்னொரு 'இன்' இருப்பதும், டேங்கரில் எழுதியிருப்பது அந்த வகை என்பதும் அவனுக்குத் தெரியாது. அவன் விளக்கம் சொன்னது எந்த அகராதியிலும் ஏறாத தமிழில்.

கடைசியாகக் கடற்கரையில் ஒரு வகுப்பு. "'கேட்டா'ன்னா கீழே. கண்ணுல திரை இறங்கினா கேட்டராக்ட், குடி கவிழ்ந்தா கேட்டஸ்ட்ரஃபி. அப்ப கேட்டமரான்னா, கீழே போற படகு."

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கீழ போனா நான் எப்படி ஐயா கரைக்கு வருவேன்? மரத்தைச் சேர்த்துக் கட்டுறோம், கட்டுமரம். நம்ம பேரை வெள்ளைக்காரன் அவன் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கிட்டான்."

மாமா அன்று பேசாமல் வீட்டுக்குப் போனார். திருந்திவிட்டார் என்று ஊர் நம்பியது. மறுநாள் காலை, டீக்கடை பெஞ்சில் புது நோட்டு. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'கட்டு' வம்சம்: கட்டுமரம், கட்டுச்சோறு, கட்டுக்கதை...

"எல்லாம் சரிதான்" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "இந்தக் கட்டெறும்பை யாருப்பா கட்டினது?"