விற்க மனசில்லாதவர்

"அது விக்கிறதுக்கு இல்ல தம்பி."

பழைய வெள்ளி நகை விற்பவர் வாயைத் திறந்ததும் வருவது இதுதான். காரைக்குடியில் கடை போட்டிருக்கிறார், கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டிருக்கிறார், வாசலில் பலகை தொங்குகிறது. விற்கத்தான் மனசில்லை. தண்டையை நாம் கீழே வைத்தால், "சும்மா கையில வச்சுப் பாருங்க, காசா பணமா?" என்பார். எடுத்தால் ஒரு பெருமூச்சு. விலை கேட்டால் இன்னொன்று. மகளுக்கென்று எடுத்து வைத்ததாம். போன தடவை அதே மகளுக்கு ஒட்டியாணம் எடுத்து வைத்திருந்தார், அதற்கு முன்னால் ஒரு ஜோடிக் காப்பு. அத்தனையும் போட்டால் அந்தப் பெண் எழுந்து நடக்க முடியாது. கடைசியில் "உங்க முகத்துக்காகத் தர்றேன்" என்று சொல்லும் விலைக்கு என் முகம் தாங்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டே க்யூ.ஆர். அட்டையை நம் பக்கம் திருப்பி வைப்பார்.

தொழில் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. நகையைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். பற்றவைத்த இடத்தில் பொடி லேசாக வழிந்திருக்கும். முத்துகள் ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக இருக்கும். கொக்கி உள்பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கும். "அச்சுல வந்ததுன்னா எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்கும். இது ஆசாரி கை." தண்டையைக் காதருகே ஆட்டி, உள்ளே பரல் உருளுவதைக் கேட்கும்போது மனுஷன் வியாபாரத்தையே மறந்துவிடுவார். அப்போது அவரை எனக்குப் பிடிக்கும்.

மறு நிமிஷமே 925 முத்திரை குத்திய மெட்டியை நீட்டி, "கொள்ளுப்பாட்டி காலம்" என்பார். எந்த ஊர்ப் பத்தர் கொள்ளுப்பாட்டிக்கு 925 குத்திக் கொடுத்தார்? கேட்டால், ஏறியிருக்கும் கறுப்பைக் காட்டுவார். கந்தகக் கரைசலில் முக்கினால் அந்தக் கறுப்பு சில நிமிஷத்தில் ஏறும்.

இதெல்லாம் போகட்டும். ஒரு நாள் ஓர் ஆச்சி சுருக்குப் பையிலிருந்து ஒரு ஜோடித் தண்டையை எடுத்தார். நம்மவர் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை, காதில் வைக்கவில்லை. நேரே தராசு.

"தேஞ்சு போச்சு ஆச்சி. பொடி வேற நிறைய. டச் வராது, கழிக்கணும்."

"எங்க அம்மா கல்யாணத்துக்குப் போட்டதுப்பா."

"அதெல்லாம் தராசுல ஏறாது ஆச்சி."

அந்தக் கல்யாணத்தையும் தேய்மானத்தையும் சேர்த்துத்தானே எங்களிடம் காசு வாங்குகிறீர்கள்? அதில் பாதியையாவது அந்த ஆச்சிக்குக் கொடுத்தால் என்ன?